சாய்வு மாறாத சாணை: கத்தி தீட்டும் கருவிகளில் எது நமக்கு?

போன ஆடியில் 60 மாங்கன்றுகளுக்கு நானே ஒட்டுக் கட்டினேன். பிடித்தது 9.

ஒட்டுக்குச்சி எடுத்த மரம் ராசிபுரம் பக்கம் எங்க அம்மாயி காட்டில் நின்றது. பேர் தெரியாத நாட்டு மா. நார் அதிகம், தின்னப் பெரிசா ருசிக்காது. ஊறுகாய்க்கு அதை மிஞ்ச வேறு காய் கிடையாது. மாமா அந்தக் காட்டை மனை போட விற்றுவிட்டார். வாங்கியவர் தை வரைக்கும் மரத்தை விட்டு வைக்கிறேன் என்றார். மழை ஈரம் இருக்கும்போதே கட்டியாக வேண்டும் என்பதால், எனக்கு மிச்சம் இருந்தது புரட்டாசியில் ஒரே ஒரு தடவை.

என்ன தப்பு செய்தேன் என்று கேட்க, சேலம் பக்கம் நாற்றங்காலில் வருசக்கணக்காக ஒட்டுக் கட்டுகிற ஒருவரைக் கூட்டி வந்தேன். காய்ந்துபோன ஒட்டுகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "கத்தியக் கொண்டாங்க" என்றார். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அதன் ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தார். தாள் அறுபடவில்லை, கிழிந்தது. "இது வெட்டலைங்க, நசுக்கியிருக்குது. அப்புறம் எப்படிங்க ஒட்டும்?"

அவர் சொன்னதன் காரணம் இதுதான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்திசு என்று மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. வேர்ச்செடியின் அடுக்கும் குச்சியின் அடுக்கும் ஒன்றை ஒன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும. மழுங்கின கத்தி அந்த அடுக்கை நசுக்கிவிடுகிறது. வெட்டின முகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் நடுவில் இடைவெளி விழுகிறது, அதில் காற்றும் நீரும் பூஞ்சையும் புகுகின்றன. நான் பத்து நாள் முன்கூட்டியே குச்சியில் இலை கிள்ளிவிட்டேன், கட்டு இறுக்கமாகப் போட்டேன், ஈரம் காத்தேன். எல்லாம் சரி. கத்தியைத்தான் வாசற்படிக் கல்லில் நாலு தேய் தேய்த்துவிட்டுப் போயிருந்தேன்.

படிக்கல்லில் தேய்ப்பது தப்பில்லை. கை ஆடுவதுதான் தப்பு. ஒரு தேய்ப்பில் 15 பாகை, அடுத்ததில் 25 பாகை என்று சாய்வு மாறிக்கொண்டே இருந்தால் முனை கூராகாது, உருண்டுபோகும். கொல்லர் கைக்கு அந்த ஆட்டம் கிடையாது, பழக்கம். நமக்கு அது வர வருசம் பிடிக்கும். சாய்வை நமக்குப் பதிலாகப் பிடித்துக்கொடுக்கத்தான் வெளிநாட்டில் கருவிகள் செய்திருக்கிறார்கள். இப்போது நம்ம ஊருக்கும் தபாலில் வருகிறது. பெங்களூரில் வேலை செய்யும் மச்சானிடம் இரண்டு வகை இருந்தது, நான் ஒன்று வாங்கினேன். மூன்றையும் வைத்து வீட்டுக் கத்தி, ஒட்டுக் கத்தி எல்லாம் தீட்டிப் பார்த்தேன்.

முதலாவது, பிளவுக்குள் கத்தியை விட்டு இழுக்கிற சாணை. விலை குறைவு, நான் வாங்கினது அதைத்தான். உள்ளே இரண்டு கடின உலோகத் துண்டுகள் குறுக்காக நிற்கும். அவை இரும்பைத் தீட்டுவதில்லை, சுரண்டி எடுக்கின்றன. காய் நறுக்குகிற கத்தி ஒரு வாரம் நன்றாக அறுக்கும், பிறகு மறுபடி சுரண்டணும். ஒட்டுக் கத்தியை இதற்குள் விடவே கூடாது. ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. இந்தச் சாணை இரண்டு பக்கமும் சாய்வு போட்டுவிடும். அந்தத் தட்டை முகம் போனால் குச்சியில் நேர் வெட்டு விழாது. என் பழைய கத்தி ஒன்று இப்படித்தான் போச்சு.

இரண்டாவது, இரண்டு பீங்கான் தண்டுகளை அடிக்கட்டையில் விரித்து நட்டு வைக்கிற வகை. ஸ்பைடர்கோ கம்பெனியின் ஷார்ப்மேக்கர் இதில் பேர் போனது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் போதும், சாய்வு தண்டில் இருக்கிறது. மொத்தக் கோணம் 30, 40 என்று இரண்டு நிலை, அதாவது பக்கத்துக்கு 15 அல்லது 20 பாகை. தண்டு முக்கோணமானது. அதன் விளிம்பில் உள்வளைந்த கத்தியையும் தீட்டலாம் என்பது எனக்குப் பிடித்த விசயம். ஆனால் ஒரேயடியாக மழுங்கின கத்தியை இதில் தேற்றப் பொறுமை வேணும். கூரைக் காப்பாற்ற நல்லது, புதிதாய்க் கூர் வைக்க இல்லை.

மூன்றாவது, கத்தியைக் கவ்வியில் இறுக்கி, கம்பியில் மாட்டின கல்லை மேலும் கீழும் ஓட்டுகிற வகை. லான்ஸ்கி, ஒர்க் ஷார்ப், எட்ஜ் ப்ரோ எல்லாம் இந்தக் குடும்பம். எட்ஜ் ப்ரோவில் மட்டும் கவ்வி இல்லை, கத்தியை மேடையில் கையால் பிடிக்கணும். லான்ஸ்கியில் 17, 20, 25, 30 என்று நாலு துளைகள். ஒட்டுக் கத்திக்கு நான் 17 வைத்தேன். சாய்வுப் பக்கம் மட்டும் கல்லை ஓட்டினேன். மறுபக்கம் பிசிர் திரும்பியதும் கவ்வியிலிருந்து எடுத்து, தட்டை முகத்தை நைசான கல்லில் முழுசாகப் படுக்கவைத்து நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். பிசிர் வந்ததா என்பதை முதுகிலிருந்து முனையை நோக்கி விரல் தடவிப் பார்த்தால் தெரியும். முனை நீளத்துக்கு விரலைத் தடவாதீர்கள், அறுத்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, விற்பவர்கள் சொல்வதில்லை. துளையில் எழுதியிருக்கிற பாகை கத்தி முழுக்க ஒரே அளவாக இருக்காது. கம்பி ஊன்றும் இடத்துக்கும் முனைக்கும் உள்ள தூரம் கூடினால் சாய்வு குறையும். ஊன்றுபுள்ளி 5 செ.மீ. உயரத்தில் இருந்து, முனை 14 செ.மீ. தள்ளி இருந்தால் ஏறக்குறைய 20 பாகை. அதே கத்தியின் நுனி 18 செ.மீ. தள்ளிப் போனால் அங்கே 15 பாகைதான். நீளக் கத்திக்கு இது தொல்லை, இரண்டு இடத்தில் கவ்வ வேண்டிவரும். ஒட்டுக் கத்தி விரல் நீளம்தான், தொல்லை இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கவ்வுங்கள். முனையில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு தடவை கல்லை ஓட்டினால், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. சாய்வின் மேற்பகுதியில் மட்டும் அழிந்தால் பாகை குறைவு. முனையில் மட்டும் அழிந்தால் பாகை அதிகம்.

சரி, இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கணுமா? நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டியதில்லை. நான் மச்சானுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரி அறுத்துக்கொண்டேன். அடி 10 செ.மீ., பின்பக்க உயரம் 3.6 செ.மீ. என்றால் சாய்வு 20 பாகை. 2.7 வைத்தால் 15, 4.7 வைத்தால் 25. இரும்புக் கடையில் கிடைக்கிற இரண்டு பக்கக் கார்போரண்டம் கல்லை இந்த ஆப்பின் மேல் சாய்த்து வைத்து, நழுவாமல் கீழே ஒரு சட்டம் அடித்துவிட வேண்டும். கல் சாய்ந்திருக்கிறது, கத்தியைத் தரைக்கு மட்டமாகப் பிடித்தால் போதும். சாய்வாகப் பிடிப்பதுதான் கைக்குக் கஷ்டம், மட்டமாகப் பிடிக்கக் கைக்குத் தானாகவே தெரியும்.

கதிர் அரிவாளுக்கு இந்தக் கருவி எதுவும் ஆகாது. கவ்வியிலும் நிற்காது, தட்டைக் கல்லும் உள்வளைவில் படியாது. பீங்கான் தண்டின் விளிம்பு படும், ஆனால் அரிவாளுக்கு அது ரொம்ப நைஸ். ஒரு சாண் பிவிசி குழாயில் வாட்டர் பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் தேய்ப்பார்களே, அதேதான். 220, பிறகு 400. அரிவாளை அசையாமல் வைத்துக் குழாயை ஓட்டணும். சாய்வுக்கு ஒரு காகித மூலையை இரண்டு முறை மடித்தால் 22½ பாகை கிடைக்கும், அதை அரிவாளோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பல் வெட்டிய அரிவாளை மட்டும் கொல்லரிடம் கொடுத்துவிடுங்கள்.

மோட்டார் சாணை பற்றியும் சொல்லணும். நம்ம பக்கத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லாரி வில்பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறார்கள். அந்த எஃகில் கரி சுமார் 0.6 விழுக்காடு, தோய்ச்சல் நன்றாக ஏறும். வேகமாய்ச் சுற்றுகிற கல்லில் அழுத்திப் பிடித்தால் முனை ஒரு நொடியில் சூடாகி நீலம் பாரிக்கும். நீலம் வந்தால் சூடு 300 பாகையைத் தொட்டிருக்கும், அந்த இடத்தில் பதம் போச்சு. பிறகு எத்தனை தீட்டினாலும் அரை நாளில் மழுங்கும். எங்க ஊர்ப் பட்டறை ஆசாரியார் அப்படி ஒரு அரிவாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு இனி சாணை வேண்டாம், உலைதான் வேணும்" என்றார். மோட்டாரில்தான் பிடிக்கணும் என்றால் பக்கத்தில் தண்ணீர் வைத்து, இரண்டு தொடலுக்கு ஒருமுறை நனையுங்கள்.

கடைசித் தேய்ப்பை நான் பனையேறிகளிடம் கற்றேன். பாளை சீவுகிற அரிவாளை அவர்கள் கல்லில் முடிப்பதில்லை. மரப்பலகையில் வெங்கச்சாங்கல் பொடி தூவி, அதில் இழுத்து இழுத்து முடிப்பார்கள். ஒட்டுக் கத்தியை நான் பழைய தோல் பெல்ட்டில் அப்படி இழுக்கிறேன், முனையை முன்னால் தள்ளாமல் முதுகுப் பக்கமாக மட்டும்.

புரட்டாசியில் 40 கட்டினேன், 31 துளிர்த்தது. சொன்னபடி தையில் மரத்தை வெட்டினார்கள்.

பதினைந்து இருபது ஒட்டுக்கு ஒருமுறை கத்தியைத் தோலில் இழுத்துக்கொள்ள வேண்டும், கல்லுக்குப் போக வேண்டியதில்லை. மாம்பால் காய்ந்து ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சாயங்காலம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் துருவும் ஏறாது.