மாரி காலப் பயங்கள்: தரம் நான்கு, ஐந்துக்கு எதைத் தேர்வது?

ஒக்ரோபர் கடைசியில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாட்ஸ்அப்பில் ஹலோவீன் படங்கள் வந்து குவியும். குடைந்த பூசணிக்காய்க்குள் மெழுகுதிரி, கறுப்புத் தொப்பி, வெள்ளைத் துணி போர்த்த மச்சான் மச்சாள்மார். அடுத்த நாள் வகுப்பில் கேள்வியும் வந்துவிடும். "ரீச்சர், நாங்களும் பேய் விளையாட்டு வைப்பமா?"

வைக்கலாம். எங்களுக்கு இலையுதிர்காலம் இல்லை, மாரி இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்க்கிறது. பின்னேரமே வானம் கறுக்கும், காய்ந்த பனையோலை காற்றில் சரசரக்கும், தவளைகள் விடிய விடியக் கத்தும். காசு கொடுத்து வாங்கிப் பயம் காட்ட ஒன்றும் தேவையில்லை. மூன்றாம் தவணைக்குள் புலமைப்பரிசில் பரீட்சையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஐந்தாம் தரப் பிள்ளைகள் மூச்சு விடத் தொடங்கும் நாட்கள் அவை.

எதை விடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் தொங்கும் பிளாஸ்ரிக் எலும்புக்கூடு, அட்டையில் வெட்டிய கல்லறை, சிவப்புச் சாயம் பூசிய கை ஆகியவை எங்கள் வகுப்பறைக்கு வேண்டாம். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழியைத் தோண்டியபோது ஒரு பிள்ளையின் என்புகளோடு புத்தகப் பையும் வெளியே வந்தது. அதன் படத்தைப் பார்த்து அழுத அம்மம்மாமாரின் பேரப்பிள்ளைகள்தான் எங்கள் முன்வாங்கில் இருக்கிறார்கள். காணாமல் போனவரின் படம் சுவரில் தொங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு எலும்புக்கூடு விளையாட்டுப் பொருள் ஆகாது.

மிச்சத்தை நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். பயமுறுத்துவது பிள்ளையா, பயப்படுத்தப்படுவது பிள்ளையா? ஒன்பது பத்து வயதில் பிள்ளை பயத்தைத் தன் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க விரும்பும். அதற்கு இடம் தரும் செயற்பாடு நல்லது. கதவுக்குப் பின்னால் நின்று 'ஆ' என்று கத்துவது அதற்குள் அடங்காது.

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், நிழல் விளையாட்டைச் செய்யுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுக் கொளுத்திய விளக்கைச் சுற்றித்தான் வீடு முழுவதும் இருந்தது. சுவரில் எழுந்த எங்கள் நிழல்கள் கூரை வரை போகும். பெருவிரலை நிமிர்த்திச் சின்னவிரலை அசைத்தால் நாய் குரைக்கும். வெளியே கேட்ட சத்தங்களை மறக்க எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி அது.

இன்றைக்கு ஒரு வெள்ளைச் சாறம், ஒரு ரோச் லைற், அட்டைப்பெட்டி, ஈர்க்கு இருந்தால் போதும். அட்டையில் முனி, ஆந்தை, தலைவிரித்த பனை என்று வெட்டி ஈர்க்கில் ஒட்டட்டும். ரோச்சுக்கும் திரைக்கும் இடையே 120 சென்ரிமீற்றர் அளந்து வையுங்கள். ரோச்சிலிருந்து 60 சென்ரிமீற்றரில் பிடித்த அட்டையின் நிழல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், 30இல் பிடித்தால் நான்கு மடங்காகும். கணிதமும் சுற்றாடலும் ஒரே பாடத்தில் முடியும். ஒருமுறை முதல் வாங்கில் இருந்த சின்னவள் திரையில் எழுந்த பெரிய நகங்களைப் பார்த்துக் கண்ணை மூடினாள். பின்னால் கூட்டிப்போய் ரோச்சை அவளிடமே கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில், "ரீச்சர், அது பேயில்லை, என்ரை கை" என்று சொல்லிச் சிரித்தாள். மழை பெய்தாலும், மின்சாரம் போனாலும் நடத்தக்கூடிய செயற்பாடு இது.

கைவேலை பிடித்த வகுப்பென்றால் தெரிவு இரண்டு: பனங்கொட்டை முகம் அல்லது வெருளி. பூசணிக்காய் கிடைக்காதே என்று யோசிக்க வேண்டாம். அயர்லாந்தில் முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அங்கே மலிந்திருந்த பூசணிக்கு மாறினார்கள். எங்களிடம் மலிந்தது பனங்கொட்டை. ஆவணி புரட்டாதியில் பனாட்டுக்குப் பிசைந்து முடித்த கொட்டைகளைக் கிழங்குப் பாத்திக்குப் போகுமுன் வகுப்புக்கு நாற்பது கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். காய்ந்த தும்பு கிழவனின் தாடிபோல விறைத்து நிற்கும். ஒரு பக்கம் வாரினால் மூதாட்டி, மேலே தூக்கிக் கட்டினால் அரக்கன். கண்ணுக்குக் குன்றிமணி பதிக்க ஆசை வரும், செய்யாதீர்கள். அது கொடிய நஞ்சு, ஓடு உடைந்த விதை பிள்ளையின் வாய்க்குப் போனால் உயிராபத்து. பழைய சட்டைப் பொத்தான் போதும்.

வெருளி கூட்டு வேலை. தடி, வைக்கோல், அப்பாவின் கிழிந்த சேட், சுண்ணாம்பும் கரியும் பூசிய பழஞ்சட்டி எல்லாம் வீடுகளிலேயே கிடைக்கும். பாடசாலைத் தோட்டத்தில் நட்டுவிட்டால் வேலை செய்த எல்லாருக்கும் சொந்தம். குறை என்னவென்றால், இரண்டு நாள் பிடிக்கும், மழை தொடங்கிவிட்டால் வைக்கோல் நாறும். ஆகவே வெருளியைப் புரட்டாதிக்குள் முடியுங்கள். மழைக்குள் வகுப்பு அடைபட்டபின் என்றால் பனங்கொட்டைதான்.

மொழிப்பாடத்துக்கு ஏதாவது வேண்டும் என்பவர்களுக்குக் கதை சேகரிப்பு. இணையத்திலிருந்து பேய்க்கதை எடுத்து வாசிப்பதைவிட இது பத்து மடங்கு மேல். ஒவ்வொரு பிள்ளையும் அப்புவிடமோ அப்பாச்சியிடமோ ஒரு கதை கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் வடமராட்சிக்கு முன் விரியும் வல்லைவெளியைப் பற்றி ஒருவராவது கொண்டுவருவார். வீடுகளே இல்லாத அந்த வெளியால் இரவில் தனியே சைக்கிளில் வந்தவருக்குப் பின்கரியர் திடீரென்று கனத்ததாம், வல்லை முனியப்பரை நினைத்தபிறகுதான் இலேசானதாம். நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்த கதையும் வரும். அதைக் கேட்டால் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லையும் அதன் குகைகளையும் பற்றிப் பேசத் தானாக வழி திறக்கும்.

ஆனால் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பேய்க்கதைதான் கேட்கிறோம், போர்க்கதை இல்லை. பெரியவர்களின் நெஞ்சில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளை எழுதி வந்ததை வகுப்பில் வாசிக்குமுன் நீங்கள் தனியே வாசியுங்கள். கதை சொல்ல வீட்டில் முதியவர் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலைக் காவலாளி அப்புவைச் சொல்லிக் கொடுங்கள்.

"ஏன் ரீச்சர், எப்பிடி ரீச்சர்" என்று விடாமல் கேட்கும் ஐந்தாம் தரத்துக்குக் கொள்ளிவாய்ப் பேய்ப் போத்தல். சதுப்பில் இரவில் தெரியும் வெளிச்சத்தைத்தான் ஊரில் கொள்ளிவாய்ப் பேய் என்றார்கள். அழுகும் இலைகளிலிருந்து வரும் மெதேன் வாயுவோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் வோல்ற்றா சேற்றைத் தடியால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பிடித்துத்தான் அந்த வாயுவை இனங்கண்டார். வகுப்பில், சோடாப் போத்தலில் குளத்துச் சேறும் நறுக்கிய இலையும் தண்ணீரும் போட்டு வாயில் பலூன் மாட்டி வையுங்கள். நாட்கள் போகப் பலூன் தலைதூக்கும். முதலில் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, மெதேன் சேர வாரங்கள் எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நெருப்பு கிட்ட வரவே கூடாது. பலூனை வெளியே கொண்டுபோய் நீங்களே அவிழ்த்துவிடுங்கள். ஒரே பாடத்தில் பலன் வேண்டும் என்பவருக்கு இது பொருந்தாது.

ஆந்தை, வௌவால் பார்க்கப் போவது நல்லதுதான், ஆனால் பொழுதுபட்டபின் பிள்ளைகளை மறித்து வைக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதைவிடக் காலையில் மரத்தின் கீழ் வௌவால் சூப்பிப் போட்ட கொட்டங்காய்களைத் தடியால் ஒதுக்கி எண்ணுவது இலகு. வௌவாலையோ அதன் எச்சத்தையோ தொடக்கூடாது. சாக்குருவி அலறினால் சாவு என்று நம்பும் பிள்ளைக்கு அந்தக் கூகை வயலில் எலி பிடிப்பதைச் சொல்லுங்கள். அடுத்த முறை அலறும்போது கூரையை அண்ணாந்து பார்ப்பான்.

சூரன் தலைகள் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கந்தசஷ்டியில் சூரன் யானைமுகமும் சிங்கமுகமுமாகத் தலை மாற்றுவதை எங்கள் பிள்ளைகள் தகப்பனின் தோளில் இருந்து பார்த்தவர்கள், அதைவிடப் பெரிய முகமூடி விழா வேறில்லை. ஆனாலும் அது கோவிலின் சொத்து. வேதக்காரப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கும் வகுப்பில் முகமூடியாக்க வேண்டாம், பார்த்ததை எழுதச் சொன்னால் போதும். அதே வகுப்பில் நொவெம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றிய பிள்ளையும் எழுதும், கார்த்திகை விளக்கீட்டுக்கு முற்றத்தில் தீப்பந்தம் நட்ட பிள்ளையும் எழுதும்.

எதைத் தெரிவுசெய்தாலும் நேர அட்டவணையில் கடைசிப் பாடமாகப் போடாதீர்கள். பயந்த பிள்ளை மணி அடித்ததும் அந்தப் பயத்தோடு வீட்டுக்குப் போய்விடும். இடைவேளைக்கு முந்திய பாடத்தில் வையுங்கள். ரோச்சை அணைத்து யன்னலைத் திறந்துவிட்டால், மழைத் தண்ணீர் நிற்கும் முற்றத்தில் பேயாக நின்றவர்களும் பயந்தவர்களும் சேர்ந்து கடதாசிக் கப்பல் விடுவார்கள்.