வழுப்பதிவேடும் பொதுமக்களும்

மென்பொருளில் காணும் பிழை ‘வழு’ எனப்படும். எவ்வழு எச்சூழலில் தோன்றிற்று, தீர்ந்ததா எனக் குறிக்கும் ஏடே வழுப்பதிவேடு.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாசி திட்டம், மின்சுற்றுகளை வடிவமைக்க ஈசிம் என்னும் திறந்தமூல மென்பொருளை ஆக்கியுளது. அதன் மூலநிரலையும் வழுக்குறிப்புகளையும் எவரும் காணலாம். மாட்டுங்காவில் பயிலும் பொறியியல் மாணவர் ஒருவர் தம் சுற்றில் பிழையான விடை பெறுவாராயின், தவறு தம்முடையதா, கருவியுடையதா என அக்குறிப்புகளோடு ஒப்பிட்டுத் தெளியலாம். ஏடு மூடியிருப்பின், முன்னரே ஒருவர் கண்டறிந்த வழுவை ஒவ்வொருவரும் தனித்தனியே தேடி உழல நேரிடும்.

இதனையுணர்ந்தே டெபியன் திட்டத்தினர், தம் வழுப்பதிவேடு முழுவதும் எக்காலத்தும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என 1997-ஆம் ஆண்டின் சமூக ஒப்பந்தத்தில் உறுதி கூறினர்.

எனினும், தீயோர் புகுதற்கு வழியாகும் பாதுகாப்பு வழுவை, திருத்தம் ஆயத்தமாகும்வரை மறைத்துவைத்துப் பின்னர் வெளியிடுதல் பல திட்டங்களின் வழக்கமாகும்.