மார்க்குச் சீட்டு சொன்னதும் சொல்லாததும்



இன்ஜினியரிங் பட்டம் பெற்றபின் எம்.டெக். முதலிய மேற்படிப்பில் சேர விரும்புவோருக்கு "கேட்" என்னும் பரீட்சை நடைபெற்று வருவதை அறிவீர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் சேர்ந்து நாடு முழுவதற்கும் ஒன்றாக இதை வைக்கின்றன. பிப்ரவரியில் பரீட்சை; மார்ச்சில் முடிவு. முடிவு வெளியான மறுவாரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலரை ஞாயிறு பூசையில் காணோம். விசாரித்தால், "அவனுக்கு மார்க்கு வரவில்லை, சாமி. யார் முகத்திலும் விழிக்க மாட்டேன் என்று படுத்துக் கிடக்கிறான்" என்று தாய் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

அப்படிப் படுத்துக் கிடப்பவருக்காகவே இவ்வாரப் பாடம். முதுகில் தட்டிக்கொடுத்து, "போனால் போகட்டும்" என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மார்க்குச் சீட்டை எப்படி வாசிப்பது என்று உம்மோடு உட்கார்ந்து பார்க்க வருகிறேன். அநேகர் அதைச் சரியாக வாசிக்காமலே தைரியத்தை இழந்துவிடுகிறார்கள்.

நஷ்டம் மெய்யானது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். கேட் தேறி எம்.டெக். சேருகிற மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் 24 மாதங்கள் வரை உதவித்தொகை கிடைக்கிறது. கணக்குப் பார்த்தால் 2,97,600 ரூபாய். கேட் இல்லாமலும் மேற்படிப்பு உண்டு. அண்ணா பல்கலைக் கழகம் நடத்தும் சீட்டா என்னும் நுழைவுப் பரீட்சை எழுதி நம் மாநிலத்திலேயே எம்.இ. படிக்கலாம். ஆனால் அந்த 12,400 அவ்வழியில் வராது. ஷிப்டு வேலைக்குப் போய் வீட்டுக்குச் சம்பளம் கொடுக்கும் பிள்ளை வேலையை விட்டுப் படிக்கப் போகலாமா கூடாதா என்பதே பல வீடுகளில் இந்தத் தொகையைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஆகையால் "வெறும் பரீட்சைதானே" என்று சொல்லும் உறவினருக்கு நிலைமை தெரியாது. உமது துக்கத்துக்குக் காரணம் உண்டு.

இனிச் சீட்டைக் கையில் எடும். அதில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது, 100-க்கு நீர் வாங்கிய மார்க்கு. இரண்டாவது, 1000-க்குக் கணக்கிட்ட கேட் ஸ்கோர். மூன்றாவது, அகில இந்திய வரிசையில் உமது இடம். இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் பலர் மோசம் போகிறார்கள். 1000-க்கு 380 என்று கண்டு, "100-க்கு 38 தானா!" என்று அழுகிறார்கள். அது சதவீதமே அல்ல. தேறுவதற்கான எல்லையில் சரியாக நிற்பவருக்கு 350 என்றும், உச்சியில் இருப்பவர்களின் மட்டத்துக்கு 900 என்றும் வைத்து, இடையிலுள்ளவர்களை அந்த ஏணியில் நிறுத்துகிறார்கள். 380 வாங்கியவர் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறார்; சற்றே தாண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த எல்லை எப்படிப் போடப்படுகிறது? பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ் என்பதுபோல் முன்கூட்டியே குறித்து வைத்ததல்ல. அந்த வருஷம் அந்தப் பாடத்தை எழுதியவர்கள் எல்லாருடைய சராசரி மார்க்கையும் எடுத்து, மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தை அதோடு கூட்டுகிறார்கள். வருவது 25-க்குக் குறைந்தால் 25. இதுவே பொதுப் பிரிவினருக்கு எல்லை. பிற்பட்ட வகுப்பினருக்கும் பொருளாதாரத்தில் நலிந்தவருக்கும் அதில் பத்தில் ஒன்பது பங்கு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடற்குறையுள்ளோருக்கு மூன்றில் இரண்டு பங்கு.

இதன் பொருளை யோசித்துப் பாரும். சராசரிக்காரர் தேற மாட்டார் என்று ஏற்பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது! எழுதுவோரில் ஏறக்குறைய ஐந்தாறு பேருக்கு ஒருவரே தேறுகிறார். "நான் தவறினேன்" என்பது "எனக்கு இன்ஜினியரிங் தெரியாது" என்று ஆகாது. "இந்த வருஷத்துக் கூட்டத்தில், அந்த மூன்று மணி நேரத்தில், சராசரிக்கு மேல் போதிய தூரம் நான் போகவில்லை" என்பதே அதன் முழு அர்த்தம். இது பொய்யல்ல, சிறிய செய்தியுமல்ல. ஆனால் சீட்டு சொன்னது இவ்வளவே. உமது புத்தியைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் அது பேசவே இல்லை. இரவு தூக்கமில்லாமல் படுத்திருக்கையில் நாமாகச் சேர்த்துக்கொள்வதுதான் அந்த மீதிச் செய்தி.

ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜனை இங்கே நினைக்கிறேன். அவர் பெயரைச் சொன்னதும், "அவர் மேதை, நான் யார்?" என்று தாளைப் புரட்டிவிடாதீர். அவருடைய மேதையை நான் உமக்குச் சிபாரிசு செய்யவில்லை. 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றப் பாடங்களை விட்டதால் அத்தொகையை இழந்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. பரீட்சையில் தவறினார். 1907-ல் மறுபடியும் எழுதி மறுபடியும் தவறினார். எஃப்.ஏ. தேறாதவருக்கு அந்நாளில் பி.ஏ. வகுப்பின் கதவு திறக்காது.

அவர் விஷயத்தில் பரீட்சை பொய் சொல்லிற்றா? இல்லை என்றே நான் நினைக்கிறேன். அவர் படிக்காத பாடங்கள் அவருக்குத் தெரியவில்லை என்று சொல்லிற்று, அது உண்மை. ஒருவர் எல்லாவற்றையும் சமமாகக் கற்றிருக்கிறாரா என்று அளக்கும் கோலைக்கொண்டு அவருடைய கணிதத்தை அளக்க முடியாது. அடுத்த சில வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். தம் கணக்குகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றைக் கையிலெடுத்துக்கொண்டு மனிதரைத் தேடிப் போனார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராயிருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். நம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே செல்லும் ரயில் போய்ச் சேரும் நெல்லூரில் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவைக் கண்டார். "நான் தவறியவன்" என்று ஒளிந்துகொள்ளவில்லை. நோட்டைத் திறந்து காட்டினார். 1912 மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். குமாஸ்தாவாக இருந்துகொண்டே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதே வருஷம், பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தவறியவர் என்று கதவைச் சாத்திய அதே பல்கலைக் கழகம்!

நோட்டுப் புத்தகம் என்றேன். உமக்கும் ஒன்று வேண்டும். நீர் எந்தக் கேள்விக்கு என்ன விடை கொடுத்தீர் என்ற தாளையும், சரியான விடைகளையும் பரீட்சைக்காரர்களே கம்ப்யூட்டர் வழியாக வெளியிடுகிறார்கள். மனம் கசந்த அநேகர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை. திறவும். தவறிப்போன ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியும்: "தெரியாது", "தெரிந்தும் சறுக்கினேன்", "குருட்டாம்போக்கில் போட்டேன்".

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒருவர் சரியான விடைகளால் 34 மார்க்கு சேர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கேள்விகளில், ஒரு மார்க்குக் கேள்வி தவறினால் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மார்க்குக் கேள்வி தவறினால் மூன்றில் இரண்டு பங்கும் வெட்டுவார்கள். அவர் ஒரு மார்க்கில் 7-ம், இரண்டு மார்க்கில் 10-ம் தவறவிட்டார். வெட்டு 9 மார்க்கு. மீதி 25. இப்போது நோட்டைப் பார்க்கிறார். அந்தப் பத்தில் நான்கு கணக்குகளுக்கு வழி தெரிந்திருந்தது. கடைசியில் பெருக்கலில் கைதவறியது. அந்த நான்கும் சரியாகியிருந்தால் 8 மார்க்கு கூடும், வெட்டுப்பட்ட 2 2/3 திரும்பும். 25 இருந்த இடத்தில் 35 2/3! புதிதாக ஒரு பாடமும் படிக்காமல் வந்திருக்கக் கூடியது. இதைக் காண்பவருடைய முகம் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "நான் மக்கு" என்ற பேச்சு நின்று, "பெருக்கலில் ஏன் சறுக்கினேன்?" என்ற பேச்சு தொடங்கும். வீட்டில் கைக் கால்குலேட்டரில் பழகிவிட்டு, அங்கே திரையில் உள்ள கால்குலேட்டரை எலியால் தட்டியதுகூடக் காரணமாயிருக்கலாம். அந்தத் திரைக் கால்குலேட்டரிலேயே தினமும் பழகலாமே.

குருட்டாம்போக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால், வெட்டையும் சேர்த்துப் பார்க்கையில் சராசரியில் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. நிச்சயமாய்த் தவறென்று ஒன்றைத் தள்ள முடிந்தால் மட்டும் கொஞ்சம் லாபம். எண்ணை நாமே எழுதும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கக்கூடிய கேள்விகளுக்கும் வெட்டே கிடையாது. அவற்றை வெறுமையாய் விட்டுவருவது வீண்.

"தெரியாது" என்று குறித்தவை அதிகமாயிருந்தால் வேலை நீளம். அப்போதும் எங்கே தொடங்குவது என்று நோட்டு காட்டும். பெரும்பாலான இன்ஜினியரிங் பாடங்களில் பொதுத் திறனுக்கு 15, கணிதத்துக்கு 13, ஆக 28 மார்க்கு சொந்தப் பாடத்துக்கு வெளியே கிடக்கிறது. மெக்கானிக்கல் பிள்ளைகள் அதை ஏளனமாய்த் தள்ளிவிட்டுத் தெர்மோடைனமிக்ஸில் மூழ்குகிறார்கள்.

ஷிப்டு பார்ப்பவருக்கு நேரம் எங்கே என்பீர். இரவு ஷிப்டு முடிந்த காலையில் புதுப் பாடம் எடுக்காதீர், தூங்கும். பகல் ஷிப்டு வாரத்தில் ஐந்து பழைய கணக்கு, இரவு ஷிப்டு வாரத்தில் இரண்டு. சென்ட்ரல் வரை ரயிலில் போய்வருகிறவருக்கு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் நடுவே உட்கார இடம் கிடைக்காது என்பதை நானறிவேன், ஆனாலும் நின்றபடி ஒரு சூத்திரத் தாளை வாசிக்கலாம். போன தைரியம் பேச்சினால் திரும்பக் கண்டதில்லை. நேற்று வராத கணக்கு இன்று வந்தது என்று நோட்டில் எழுதுகிறவனுக்குச் சிறுகச் சிறுகத் திரும்புகிறது.

பெற்றோரே, உங்களுக்கும் சில வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு எவ்வளவு?" என்று தயவுசெய்து கேட்காதேயுங்கள். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், பல நாள் தூங்காமலிருந்தால், "நான் உங்களுக்குப் பாரம்" என்ற வகையில் பேசினால், அதைச் சோம்பலென்றோ நடிப்பென்றோ எண்ணாதீர்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது; தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தில் 104 என்ற எண்ணும் உண்டு. வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வெட்கப்பட வேண்டாம். காய்ச்சலுக்குப் போகிறோமே.

மறுபடி எழுத வேண்டுமா? எல்லாரும் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டாளிகள் எழுதினார்கள் என்று எழுதியவர், இருக்கும் தொழிலிலேயே கற்றுத் தேர்ந்து உயரட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. படிப்பிலேயே மெய்யான ஆசை உள்ளவருக்கு வயது வரம்பு கிடையாது, இத்தனை முறைதான் என்ற கட்டும் கிடையாது. ஒருமுறை தேறினால் அந்த ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும். ஆகவே தேறிய வருஷமே வேலையை விட வேண்டுமென்பதில்லை, கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டும் போகலாம்.

விண்ணப்பம் வழக்கமாய் ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் திறக்கிறது. அதற்கு முன் விடைத்தாளைப் பார்த்து நோட்டை முடித்துவிடும். வீட்டில் இடமில்லாதவர்கள் கோவில் வளாகத்திலுள்ள வாசகசாலையில் மாலை 6 மணிக்குமேல் உட்காரலாம்; மேசையும் விளக்கும் உண்டு. இரவு ஷிப்டுக்காரர் பகலில் கேட்டாலும் சாவி தரப்படும்.