தன் கொழுப்பே தனக்கு உதவி

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள், ரவிக்கைக்குள் துணியை மடித்து வைத்துக்கொள்வது எங்க வெம்பாக்கம் பக்கமும் உண்டு. யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பள்ளத்தை அவரவர் உடம்புக் கொழுப்பாலேயே நிரப்ப முடியும்.

1895-இல் ஜெர்மனியில் செர்னி என்ற டாக்டர், ஒரு பெண்ணின் உடம்பிலிருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து மார்பில் வைத்துச் சரிசெய்தார். இப்போது வயிறு, தொடையிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுகிறார்கள். அமெரிக்க டாக்டர் கோல்மன் வகுத்த கணக்கு 3000 ஆர்.பி.எம்., 3 நிமிடம். எண்ணெய் மேலே, ரத்தமும் நீரும் கீழே, நல்ல கொழுப்பு நடுவே நிற்கும்.

அதைத் துளித்துளியாகத்தான் செலுத்தணும். நாற்றைக் கொத்தாக நட்டால் செழிக்காதே, அதுபோல மொத்தமாக வைத்தால் ரத்தம் எட்டாத கொழுப்பு செத்துக் கட்டியாகிவிடும். ஒரு பங்கு கரைந்தும் போகும். அதனால் சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும்.

எக்ஸ்ரேயில் புற்றுநோயை மறைத்துவிடுமோ என்று அஞ்சி, 1987-இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் இதை எதிர்த்தது, 2009-இல் தளர்த்தியது. ஆனாலும் தொடர் பரிசோதனையை விடக்கூடாது.

இது ஆடம்பரமல்ல, நிமிர்ந்து நடப்பதற்கான வைத்தியம். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களிலும் பலர் அப்படித்தான். கூச்சத்தை விட்டு, படித்த நாமே வீட்டுப் பெண்களிடம் எடுத்துச் சொல்வோம்!