குழாய் இணைப்புகள் உருவாகும் விதம்
(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

1734-இல் நெசவாளர்களுக்கென அமைந்த சிந்தாதிரிப்பேட்டையில் இன்று லேத் பட்டறைகளும் உண்டு. அத்தகைய ஒன்றில் என் தந்தை வெட்டும் மரைதான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்துக்கு வழி செய்கிறது. ஆகவே அத்தொழிலின் அறிவியலைச் சிறிது காண்போம்.

எஃகு சாக்கெட்டைக் குழாயிலிருந்தே அறுத்துக் கடைவர். பித்தளையைச் சூடாக்கி அச்சில் அழுத்துவர். எல்போ, டீ போன்ற இரும்பு இணைப்புகளை மணல் அச்சில் வார்ப்பர். உள்ளே வைக்கும் மணற்கருவே துளையைத் தருகிறது.

வார்த்ததும் கிடைப்பது வெள்ளை வார்ப்பிரும்பு. கடினமானது, ஆனால் எளிதில் நொறுங்கும். அதை ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் பல மணி நேரம் வைத்து மெல்ல ஆற்றினால், கரி தனியே பிரிந்து சிறு முடிச்சுகளாகத் திரள்கிறது. இரும்பும் வளைந்து கொடுக்கிறது. பிறகு சுமார் 450 பாகையில் உருகிய துத்தநாகத்தில் முக்குவர். உள்மரையை அதன் பின்பே வெட்டுவர். முன்பே வெட்டினால் துத்தநாகம் மரையை அடைத்துவிடும் அன்றோ! 1841-இல் விட்வொர்த் வகுத்த 55 பாகைக் கோணமே இன்றும் நம் குழாய் மரையின் கோணம்.

பதமாகாத எல்போவும் பார்வைக்கு ஒன்றே. முறுக்கும்போதுதான் விரிசல் விடும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதை நாம் அறிவோம். எனவே, வார்ப்பு இணைப்பு வாங்குகையில் இந்தியத் தர எண் 1879 உள்ளதா எனப் பார்த்தல் நலம். ஒரு சொட்டு நீரைக் காப்பதும் அறிவியலே!