"சூப்பர்" என்று சொன்னால் போதுமா?



நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது கம்ப்யூட்டரில் விளையாடுவதோடு நின்றுவிடுவதில்லை. விளையாட்டுகளைத் தாங்களே உருவாக்கவும் தொடங்கிவிட்டார்கள். செய்து முடித்ததும் நம்மிடம் கொண்டுவந்து, "எப்படி இருக்கு?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். நாம் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "சூப்பர்" என்கிறோம், அல்லது "இதனால் என்ன பிரயோஜனம்?" என்கிறோம். இரண்டுமே பிள்ளைக்கு உதவாத பதில்கள். உதவும்படி சொல்வது எப்படி என்பதையே இங்குப் பாடமாக எழுத முற்படுகிறேன். முதலில் தவறாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

என் தம்பி மகள் கோலார் தங்கவயலில் இருந்தபடியே கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு ஒரு கேம் ஜாமில் கலந்துகொண்டு, விண்வெளியில் நடப்பதாக ஒரு விளையாட்டைச் செய்தாள். "பெரியப்பா, ஆடிப் பார்த்துச் சொல்லுங்க" என்று என் போனுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன். ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அதை அழித்துவிடப் போவதாகச் சொன்னாள். மற்றவர்கள் எழுதிய கருத்துகளை அவள் காட்டிய பிறகுதான் என் பதிலும் எவ்வளவு வெறுமையானது என்று எனக்கு உறைத்தது.

கேம் ஜாம் என்றால் என்ன?

இசைக் கலைஞர்கள் முன்னேற்பாடு இல்லாமல் கூடி வாசிப்பதை மேல்நாட்டில் "ஜாம்" என்பார்கள். அதே போல, குறித்த சில நாட்களுக்குள், கொடுத்த தலைப்பில் ஒரு விளையாட்டைச் செய்து முடிப்பதுதான் கேம் ஜாம். 2002-இல் தொடங்கிய "லூடம் டேர்" என்னும் ஜாம் 48 மணி நேரக் கெடுவால் பெயர் பெற்றது. 2009 ஜனவரியில் தொடங்கிய "குளோபல் கேம் ஜாம்" உலகின் பல ஊர்களில் நடப்பது. நம் நாட்டு ஊர்களும் அதில் கலந்துகொள்கின்றன.

பல ஜாம்களில் கெடு முடிந்ததும் இன்னொரு வேலை ஆரம்பமாகும். கலந்துகொண்டவர்களே ஒருவர் விளையாட்டை மற்றவர் ஆடிப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். பரிசைவிட இந்தக் கருத்துகள்தான் அங்கே பெரிய சம்பாத்தியம். இரண்டு நாளில் செய்த பொருளில் குறை இருக்கத்தான் செய்யும். அது எங்கே என்பதைச் செய்தவரால் எளிதில் காண முடியாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

சும்மா இருந்தாலும் வளரும் விளையாட்டு

அவள் செய்தது "ஐடில் கேம்" என்ற வகை. நாம் சும்மா இருந்தாலும் விளையாட்டு தானே நடந்துகொண்டிருக்கும். 2002-இல் வந்த "ப்ராக்ரஸ் குவெஸ்ட்" என்ற விளையாட்டில் வீரனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் தானே நடக்கும். 2013-இல் பிரான்சைச் சேர்ந்த ஜூலியன் தியெனோ உருவாக்கிய "குக்கீ கிளிக்கர்" இந்த வகையை உலகமெங்கும் பரப்பியது. பிஸ்கட்டைத் தொட்டால் ஒரு பிஸ்கட் கிடைக்கும். சேர்த்த பிஸ்கட்டைக் கொண்டு, தானே பிஸ்கட் செய்யும் ஆட்களையும் ஆலைகளையும் வாங்க வேண்டும்.

சுரங்க ஊர்ப் பெண் அல்லவா? அவள் பிஸ்கட்டுக்குப் பதிலாக விண்கல்லை வைத்தாள். கல்லைத் தொட்டால் தாது கிடைக்கும். பத்துத் தாது சேர்ந்தால் ஒரு துளைபோடும் எந்திரம் வாங்கலாம். அது விநாடிக்கு ஒரு தாது எடுத்துத் தரும். பிறகு நிலாவுக்குப் போகும் பெரிய எந்திரம், அப்புறம் வேறு கோள்கள் என்று வளர்ந்துகொண்டே போகும்.

வந்த கருத்துகள்

அவளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்திருந்தன. பெரும்பாலானவை "சூப்பர்", "அருமை", "போர்" என்ற ஒற்றைச் சொற்கள். "இதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, இது ஒரு விளையாட்டா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் அவள் மனம் உடைந்திருந்தது. இன்னொருவர், "அரை மணி நேரம் கழித்துத் திறந்தேன். தாது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். அதையும் அவள் திட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ அந்த ஒரு கருத்துதான் மாற்றுக் குறையாத பொன்னாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் என் பழைய உத்தியோகம்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். "லைன் மோசமாக இருக்கிறது" என்று ஒரு டிரைவர் சொன்னால், நாங்கள் என்ன செய்ய முடியும்? முழு லைனையும் பிரித்துப் போட முடியுமா? ஆனால் "இத்தனையாவது கிலோமீட்டரில், இத்தனையாவது கம்பத்துக்குப் பக்கத்தில், இந்த வேகத்தில் போகும்போது வண்டி இடது பக்கம் தூக்கிப் போட்டது" என்று எழுதிக் கொடுத்தால், கேங்மேன்களை அழைத்துக்கொண்டு நேராக அந்த இடத்துக்கே போவோம். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறங்கியிருக்கும். பேக்கிங் செய்து மட்டத்தைச் சரிபார்த்தால், அடுத்த வண்டி அமைதியாகப் போகும். டிரைவருக்கு ஜல்லியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்று சொன்னால் போதும்.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் விளையாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஆடினேன். நான் எழுதியது இவ்வளவுதான்:

2-ஆம் நிமிடம்: வாங்கும் பொத்தான் திரையின் ஓரத்தில் இருக்கிறது. மூன்று முறை விரல் தவறியது.

6-ஆம் நிமிடம்: எந்திரங்கள் மளமளவென்று சேர்கின்றன. கையை எடுக்க மனமில்லை.

11-ஆம் நிமிடம்: 40 எந்திரங்கள். அடுத்ததற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திரையில் புதிதாக ஒன்றும் இல்லை.

14-ஆம் நிமிடம்: போனை மேசைமேல் வைத்துவிட்டேன்.

அரை மணி கழித்து: திறந்து பார்த்தேன். தாது கூடவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பள்ளிப் பிள்ளைகளும் இதைப் போட்டுப் பார்க்கலாம். முதல் எந்திரத்தின் விலை 10. ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை 1.15 மடங்காகிறது, இந்த வகை விளையாட்டுகளில் இது வழக்கமான அளவுதான். ஐந்து எந்திரம் வாங்கினால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். ஆனால் வருமானமோ எந்திரத்துக்கு விநாடிக்கு ஒன்று என்று நேராகத்தான் ஏறுகிறது. ஆகவே:

10 எந்திரங்கள் இருந்தால் அடுத்ததன் விலை 40. காத்திருப்பு 4 விநாடி.
20 இருந்தால் விலை 164; காத்திருப்பு 8 விநாடி.
30 இருந்தால் விலை 662; காத்திருப்பு 22 விநாடி.
40 இருந்தால் விலை 2,679. காத்திருப்பு 67 விநாடி.
50 இருந்தால் விலை 10,837. காத்திருப்பு 217 விநாடி, அதாவது மூன்றரை நிமிடத்துக்கும் மேல்.

வட்டிக்கு வட்டி ஏறும் கடனைச் சம்பளத்தால் துரத்துவது போன்றது இது. ஓர் இடத்தில் சுவர் எழும்பியே தீரும். அதைத் தாண்டத்தான் நிலாவுக்குப் போகும் பெரிய எந்திரத்தை வைத்திருந்தாள். ஆனால் அதன் விலை 20,000. கையில் அத்தனை தாது சேரும் வரை அது திரையிலேயே தெரியாது. வருவதையெல்லாம் செலவழித்துச் சிறிய எந்திரங்களையே வாங்கிக்கொண்டு போகிறவர் அதைக் காண ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். "செய்வதற்கு ஒன்றுமே இல்லை" என்று எழுதினவர் பொய் சொல்லவில்லை. அவர் அந்தச் சுவர் வரை வந்து திரும்பிப் போனவர். எந்த நிமிடத்தில் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

அரை மணி நேரச் சிக்கலுக்கும் காரணம் கிடைத்தது. வேறு பக்கத்துக்குப் போனாலோ போனை மூடினாலோ, பின்னணியில் இருக்கும் விளையாட்டின் ஓட்டத்தைப் பிரவுசர் மெதுவாக்கும் அல்லது நிறுத்திவிடும். விளையாட்டு தானே விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை தவறிவிடும். மூடும்போது மணி என்ன என்று குறித்து வைத்து, திறக்கும்போது எவ்வளவு நேரம் கடந்தது என்று கணக்கிட்டுத் தாதுவைச் சேர்த்துவிட வேண்டும்.

நம் ஊரில் நடந்த ஒரு காத்திருப்பு

"ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதியிருக்காங்களே பெரியப்பா" என்று அவள் மறுபடியும் வருத்தப்பட்டபோது, எங்கள் காலடியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். விண்வெளிக்கும் தங்கவயலுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டு.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் நம் வளிமண்டலத்தில் மியூவான் என்ற துகள்கள் உண்டாகின்றன. 1960-களின் தொடக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் தங்கவயல் சுரங்கத்தில் வெவ்வேறு ஆழங்களில் கருவிகளை வைத்து, எத்தனை மியூவான்கள் இறங்கி வருகின்றன என்று எண்ணினார்கள். ஆழம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்தது. எல்லாவற்றிலும் ஆழமான இடத்தில் சுமார் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை.

அந்தப் பூஜ்யத்தை அவர்கள் தோல்வி என்று எண்ணவில்லை. மேலேயிருந்து வரும் இரைச்சல் அங்கே எட்டவில்லை. ஆகவே பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோவைத் தேட இதுவே தக்க இடம் என்று முடிவு செய்தார்கள். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தார்கள். 1965-இல், காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் அடையாளம் அங்கே பதிவாயிற்று. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு அதைக் கண்டது. உலகில் இவ்விரண்டுமே முதல்.

"ஒன்றும் இல்லை" என்று மட்டும் சொன்னால் அது வெறும் புலம்பல். "இந்த ஆழத்தில், இத்தனை நாள் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அது அளவீடு. விளையாட்டுக்குக் கருத்துச் சொல்வதும் இப்படித்தான்.

கருத்துச் சொல்லும் முறை

1. போனிலா, கம்ப்யூட்டரிலா, எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஐடில் கேமை ஐந்து நிமிடத்தில் எடை போட முடியாது. மூடிவிட்டு மறுநாளும் ஒரு முறை திறந்து பாருங்கள்.

2. என்ன செய்தீர்கள், என்ன நேர்ந்தது, எத்தனையாவது நிமிடத்தில் என்று சொல்லுங்கள்.

3. எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மகிழ்ந்த இடத்தையும் அதே போலக் குறிப்பிடுங்கள். எதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று செய்தவருக்குத் தெரிய வேண்டும்.

4. பிடிக்காதது வேறு, பழுது வேறு. இந்த வகையே உங்களுக்கு ஒத்துவராது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. மருந்தை நீங்கள் எழுதித் தர வேண்டாம். வலி எங்கே என்று சொன்னால் போதும்.

விளையாட்டைச் செய்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கே தொடுங்க" என்று சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு அவர் விரலைப் பாருங்கள். ஒருவர் சொல்லும் குறை அவருடைய விருப்பமாக இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால், அங்கே ஜல்லி இறங்கியிருக்கிறது என்று பொருள்.

தம்பி மகள் பொத்தானை நடுவே கொண்டுவந்தாள். பெரிய எந்திரத்தின் விலையை 2,000 ஆக்கி, தொடக்கத்திலேயே அதை நிழலாகத் திரையில் காட்டினாள். கடந்த நேரத்துக்கும் கணக்குச் சேர்த்தாள். விளையாட்டு பெரிய பெயர் எடுத்துவிடவில்லை. ஆனால் அவள் அதை அழிக்கவில்லை, அடுத்ததைத் தொடங்கியிருக்கிறாள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றைப் படைத்து நம் கையில் தரும்போது, "சூப்பர்" என்று சொல்லி நகர்ந்துவிடுவது அன்பு ஆகாது. பிழைப்புக்காக எங்கெங்கோ வந்து குடியேறிய நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நம் பிள்ளைகளின் வேலையைப் பொறுமையாகப் பார்த்து உண்மையைச் சொல்ல, அந்நிய ஊரில் நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

பயிற்சி: இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ செய்த ஏதாவது ஒன்றை, அது விளையாட்டோ, ஓவியமோ, கட்டுரையோ, அரை மணி நேரம் முழுதாகப் பாருங்கள். "நன்று", "நன்றில்லை" என்ற சொற்களே வராமல் ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். எழுதுவது முதலில் கடினமாக இருக்கும். பிள்ளை அதை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் படிக்கிறது என்று கவனியுங்கள்.