பிச்சாவரம் கற்பிக்கும் பொறுமை

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பழமொழி. ஆனால் பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரிதானா? இதற்கு விடை சொல்ல நம் கடலூர் மாவட்டத்திலேயே ஒரு காடு இருக்கிறது.

சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட உப்பங்கழியில் பிச்சாவரம் காடு அமைந்துள்ளது. சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லை என்பதும் இக்காட்டில் வளரும் ஒரு மரத்தின் பெயரே. சுரபுன்னையும் வெண்கண்டலும் இங்குள்ள மற்ற முக்கிய மரங்கள்.

சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடுகிறது. பச்சை நிறத்தில் நீண்டு தொங்கும் அந்த முளை, தனியே வேரூன்றும் வலிமை பெற்ற பிறகே கீழே விழுகிறது. தன் பிள்ளையை அவசரப்பட்டு உப்புநீரில் தள்ளிவிடாத தாய் அது!

இத்தகைய காட்டில் ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970-கள் வரை பகுதி பகுதியாக மரங்கள் அடியோடு வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் மீண்டும் வளரும் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் வளரவில்லை. ஊர் மக்கள் விறகு வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே காரணம் என்று பழி சொல்லப்பட்டது.

உண்மைக் காரணம் மண்ணில் இருந்தது. மரநிழல் போனதால் வெயில் பட்டு மண்ணின் ஈரம் வற்றியது. நிலம் தாழ்ந்து தொட்டி போல் ஆயிற்று. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற வற்ற, உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த உப்பில் எந்தக் கன்று பிழைக்கும்?

சென்னையில் 1988-இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் இதைக் கண்டறிந்தனர். வனத்துறையும் ஊர் மக்களும் அவர்களோடு சேர்ந்து உழைத்தனர். மீன்முள் வடிவில், நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். கடல்நீர் தடையின்றி வந்து போயிற்று, உப்பும் கழுவப்பட்டது. பிறகு வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டார்கள். வாய்க்காலில் வண்டல் சேரச் சேர, அதைத் தூர் வாரவும் வேண்டியிருந்தது. மற்றதைக் கடலும் காலமும் செய்தன. வெறுமையாய்க் கிடந்த நிலம் ஆண்டுக்கு ஆண்டு பசுமையாயிற்று.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. ஆனால் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்று 2005-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு கூறியது. ஊர்களின் உயரமும் தூரமும் காரணம் என்று கூறிய அறிஞர்களும் உண்டு. ஆயினும் அலையின் வேகத்தை மரங்கள் தணிக்கும் என்பதில் ஐயமில்லை. அலை வரும் நாளில் மரம் நட முடியுமா? 2022-இல் பிச்சாவரம், ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

தோழியரே! கணக்கில் பின்தங்கிய தங்கையிடம் "இன்னும் படி, இன்னும் படி" என்று மட்டும் சொல்வது, உப்பு மண்ணில் கன்றை நடுவதற்கு ஒப்பாகும். எந்தப் பாடத்தில் தேங்கி நிற்கிறாள் என்று கண்டு, அங்கே ஒரு வாய்க்கால் வெட்டுவோம். பிறகு அவள் தேறி வரும்வரை சினமின்றிக் காத்திருப்போம். நம் பெற்றோரும் ஆசிரியைகளும் அருட்சகோதரிகளும் நமக்காக நாள்தோறும் செய்வது இதுவன்றோ?

விதைத்தவன் உறங்கி எழும் நாள்களில் அவன் அறியாமலே விதை வளர்வதைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமை மாற்கு நற்செய்தியில் உள்ளது. வளரச் செய்பவர் இறைவன். எனினும் விதைக்கும் வேலையை அவர் நம்மிடமே விட்டிருக்கிறார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்பதே பொறுமை. அந்த வரத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!

— பத்தாம் வகுப்பு மாணவி